தரச் சான்றிதழ் யாருக்காக?

(ஆதரவாளர் கூடுகையில், தொழில் நடத்தும் அன்பர்களுக்காக ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளே, மருத்துவமனையின் நலம் விரும்பிகளே,

வேலை நாளாயிருந்தும் பட்டறையையும் கம்பெனியையும் மற்றவர்கள் பொறுப்பில் விட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறீர்கள். கணபதியிலிருந்தும் பீளமேட்டிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறீர்கள். திருப்பூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் பஸ் ஏறி வந்தவர்களும் இருக்கிறீர்கள். உங்களில் பவுண்டரி நடத்துபவர் உண்டு, லேத் பட்டறை வைத்திருப்பவர் உண்டு, பனியன் கம்பெனி, விசைத்தறி நடத்துபவர்களும் உண்டு. ஆகையால் இன்றைக்கு உங்கள் தொழிலையும் எங்கள் பணியையும் ஒன்றாகத் தொடுகிற ஒரு விஷயத்தைப் பேசலாம் என்று நினைத்தோம். அதுதான் தரச் சான்றிதழ்.

இதைப் பற்றி எங்களிடம் இரண்டு கேள்விகள் வருவதுண்டு. முதல் கேள்வி, நன்கொடை கொடுப்பவர்களுடையது: "இதே கையுறை, இதே கட்டுத்துணி, பக்கத்துக் கடையில் விலை குறைவாகக் கிடைக்கிறதே, சான்றிதழ் இருக்கிறது என்பதற்காகக் கூடுதல் விலை கொடுத்து ஏன் வாங்குகிறீர்கள்? அது நாங்கள் காணிக்கையாகக் கொடுத்த பணம் அல்லவா?" இரண்டாவது கேள்வி, தொழில் நடத்துபவர்களுடையது: "என் பட்டறையில் பதினைந்து பேர்தான் வேலை செய்கிறார்கள். என் கண் முன்னால்தான் எல்லாம் நடக்கிறது. எனக்கு எதற்கு ஐ.எஸ்.ஓ.?"

இரண்டும் நியாயமான கேள்விகளே. இரண்டுக்கும் ஒரே பதில்தான் உண்டு என்பது எங்கள் எண்ணம். அதைப் படிப்படியாகச் சொல்லுகிறோம்.

தோட்டத்துக் கிணற்றிலிருந்து தொடங்குவோம்

பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் 1930-களில் கோயம்புத்தூருக்கு வந்தது. அதன் பிறகே இங்கே பஞ்சாலைகள் பெருகின. மோட்டாரும் பம்புசெட்டும் செய்யும் பட்டறைகளும் பெருகின. இன்று இந்தியாவின் பல மாநிலங்களில் வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற பம்பு கோயம்புத்தூரில் வார்த்து, கடைந்து, சுற்றி அனுப்பப்பட்டதுதான்.

அந்தப் பம்பை வாங்குகிற விவசாயியை எண்ணிப் பாருங்கள். கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ பணம் கொண்டு வருகிறார். கடையில் பம்பைத் தட்டிப் பார்க்கலாம், தூக்கிப் பார்க்கலாம், வர்ணத்தைப் பார்க்கலாம். உள்ளே சுற்றியிருக்கிற கம்பி எப்படிப்பட்டது, எத்தனை லிட்டர் தண்ணீரை எவ்வளவு உயரத்துக்குத் தள்ளும், அதற்கு எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்பதை அவரால் பார்க்க முடியாது. நீர்மூழ்கிப் பம்பாக இருந்தால் நூற்றுக்கணக்கான அடி ஆழமுள்ள போர்வெல்லுக்குள் இறக்கிய பிறகே அதன் குணம் தெரியும். மறுபடி மேலே தூக்க ஆள்கூலி, வண்டிச் செலவு. அதற்குள் காட்டில் பயிர் வாடிவிடும்.

அவர் பார்க்க முடியாததை அவருக்காக வேறொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்காக வந்ததே ஐ.எஸ்.ஐ. முத்திரை. 1947-ல் இந்திய தர நிர்ணய நிறுவனம் தொடங்கப்பட்டது. 1955-லிருந்து அந்த முத்திரை பொருட்களின்மேல் வந்தது. 1987 ஏப்ரல் 1 முதல் அந்த நிறுவனத்தின் பொறுப்பை இந்திய தர நிர்ணய அமைவனம், அதாவது பி.ஐ.எஸ்., ஏற்றுக்கொண்டது, முத்திரையின் பெயர் மட்டும் மாறவில்லை. நீர்மூழ்கிப் பம்புக்கு ஐ.எஸ். 8034, மோனோசெட் பம்புக்கு ஐ.எஸ். 9079 என்று தனித்தனி எண்கள் உண்டு. கோயம்புத்தூர் பம்புத் தொழிலில் இருக்கிற உங்களுக்கு இவை வீட்டுக் கதவு எண்ணைப்போலப் பழக்கமானவை.

இது பொருளுக்குக் கொடுக்கும் முத்திரை. இந்தப் பம்பு இன்ன அளவுக்குச் சரியாக இருக்கிறது என்று சொல்லுகிறது. அடுத்து நாம் பார்க்கப்போவது வேறொரு வகையான சான்று.

ஐ.எஸ்.ஓ. உண்மையில் கேட்பது என்ன?

ஐ.எஸ்.ஓ. என்பது 1947-ல் செயல்படத் தொடங்கிய, ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேசத் தர அமைப்பு. 1979-ல் பிரிட்டன் வெளியிட்ட பி.எஸ். 5750 என்ற தர நிர்வாக விதிகளை அடிப்படையாகக் கொண்டு, 1987-ல் ஐ.எஸ்.ஓ. 9000 வரிசை வெளிவந்தது. 1994, 2000, 2008, 2015 ஆகிய ஆண்டுகளில் அது திருத்தப்பட்டது. 1990-களில் அவிநாசி சாலையில் "ஐ.எஸ்.ஓ. 9002 பெற்ற நிறுவனம்" என்ற பலகைகள் பல இடங்களில் தெரிந்ததை உங்களில் மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பீர்கள். 2000-ம் ஆண்டுத் திருத்தத்தில் 9002, 9003 என்ற பிரிவுகள் நீங்கி, 9001 மட்டுமே சான்றிதழுக்குரியதாக நின்றது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஐ.எஸ்.ஓ. அமைப்பு யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. விதிகளை எழுதி வெளியிடுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. சான்று கொடுப்பவை தனி நிறுவனங்கள். அந்த நிறுவனங்களுக்குத் தகுதி உண்டா என்று பார்க்க இந்தியாவில் என்.ஏ.பி.சி.பி. என்ற வாரியம், 1997-ல் உருவான இந்தியத் தரக் குழுமத்தின் கீழ் இயங்குகிறது. ஆகவே "ஐ.எஸ்.ஓ. எங்களுக்குச் சான்று கொடுத்தது" என்று ஒருவர் சொன்னால், கொடுத்தது யார் என்று கேட்பது தவறல்ல.

பொருளுக்கான முத்திரை பம்பைச் சோதிக்கிறது. ஐ.எஸ்.ஓ. 9001 பம்பு செய்கிற முறையைச் சோதிக்கிறது. ஒரு பவுண்டரியை எடுத்துக்கொள்வோம். பம்பின் மேலோடு வார்க்கிறார்கள். அச்சு மணலில் ஈரம் அதிகமானால் வார்ப்புக்குள் காற்றுத் துளை விழும். வெளியே பார்த்தால் தெரியாது. கடைசல் பிடித்த பிறகோ, தண்ணீர் அழுத்தம் கொடுத்துச் சோதிக்கும்போதோ கசியும். நல்ல முதலாளி என்ன செய்வார்? கசிந்த துண்டைத் தள்ளிவிட்டு வேறொன்று வார்த்துக் கொடுப்பார். அது நேர்மைதான். ஆனால் ஐ.எஸ்.ஓ. 9001 அதோடு நிற்பதில்லை. எத்தனை துண்டு கசிந்தது, எந்த நாள் வார்த்தது, அன்றைக்கு மணலின் ஈரத்தை யாராவது அளந்தார்களா, அளந்த கருவி சரியானதா, அதே மணலில் வார்த்த மற்றத் துண்டுகள் எங்கே போயின, இனி நடக்காமலிருக்க என்ன மாற்றினீர்கள், மாற்றியது பலன் தந்ததா என்று கேட்டுக்கொண்டே போகிறது.

கசிந்த துண்டை மாற்றிக் கொடுப்பது ஒன்று. கசிவின் காரணத்தைக் களைவது மற்றொன்று. இந்த வேறுபாடுதான் ஐ.எஸ்.ஓ.வின் உயிர். மற்றவை எல்லாம், அதாவது வெர்னியர், மைக்ரோமீட்டர், பிரஷர் கேஜ் ஆகியவற்றைக் குறித்த காலத்தில் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது, வாங்கும் கச்சாப் பொருளைப் பரிசோதிப்பது, வேலை செய்பவருக்குப் பயிற்சி கொடுப்பது, நமக்குள்ளேயே ஆண்டுதோறும் ஆடிட் நடத்துவது, முதலாளி உட்கார்ந்து அதை மறுபார்வை செய்வது, இவையெல்லாம் அந்த ஒரு காரியத்துக்குத் துணையாக வருகிறவை. சான்று மூன்று ஆண்டுக்கு வழங்கப்படுகிறது. நடுவில் ஆண்டுதோறும் கண்காணிப்பு ஆடிட் உண்டு. மூன்றாண்டு முடிந்தால் முழுமையாக மறுபடியும் பார்க்கிறார்கள்.

"என் கண் முன்னால்தான் எல்லாம் நடக்கிறது" என்றவருக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. உங்கள் கண் உங்களோடு இருக்கிறது. நீங்கள் காய்ச்சலில் படுத்த நாளில், மகன் கல்யாணத்துக்கு ஓடிய வாரத்தில், நைட் ஷிப்டில், யார் கண் பார்க்கும்? எழுதி வைத்த முறை அப்போது உங்கள் இடத்தில் நிற்கிறது. உங்கள் மேஸ்திரி முப்பது ஆண்டு அனுபவத்தில் மணலைக் கையில் பிடித்துப் பார்த்தே ஈரத்தைச் சொல்லிவிடுவார். அவர் ஓய்வு பெற்றுப் போகும்போது அந்த அறிவும் அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. அதை அளவாக்கி, பதிவாக்கி, அடுத்தவனுக்குக் கற்றுக்கொடுத்தால் அது பட்டறையின் சொத்தாகிறது.

2020-ல் நம் ஊர் செய்தது

கொரோனா தொற்று பரவிய 2020 மார்ச் மாதத்தில் மருத்துவமனைகளுக்கெல்லாம் ஒரே தவிப்பு. நோயாளியின் அருகே போகிற மருத்துவருக்கும் செவிலியருக்கும் உடல் முழுவதையும் மூடுகிற பாதுகாப்பு உடை வேண்டும். பி.பி.இ. கிட் என்ற பெயர் அதன் பிறகு எல்லோருக்கும் பழக்கமாயிற்று. அதில் முக்கியமானது அந்த முழு உடை. அதற்கு முன்பு நம் நாட்டில் இது பெரிய அளவில் தயாரிக்கப்படவில்லை. இறக்குமதியும் தடைப்பட்டிருந்தது.

அப்போது திருப்பூர், கோயம்புத்தூர் பகுதியிலிருந்த பல ஆடை நிறுவனங்கள் பனியனையும் ஏற்றுமதி ஆர்டரையும் நிறுத்திவிட்டு முகக்கவசமும் முழு உடையும் தைக்க முன்வந்தன. தைக்கத் தெரிந்த கைகள் நம்மிடம் ஏராளம். ஆனால் தைத்த உடை மருத்துவரைக் காக்குமா என்று யார் சொல்வது? வெள்ளையாக, பளபளப்பாக இருக்கிற துணியெல்லாம் இரத்தத்தைத் தடுக்காது. நோயாளியின் இரத்தமோ சளியோ தெறித்தால் அது துணிக்குள் ஊடுருவக்கூடாது. தையல் போட்ட இடம் இன்னும் ஆபத்தானது. ஊசி போன ஒவ்வொரு துளையும் ஒரு வாசல். அதனால் தையலின்மேல் வெப்பக் காற்றால் பட்டை ஒட்டி மூட வேண்டும். அந்த எந்திரமும் பட்டையும் அந்த நாட்களில் கிடைப்பது அரிதாக இருந்தது.

சோதனை செய்ய வழி நம் ஊரிலேயே இருந்தது. 1956-ல் தொடங்கப்பட்ட சிட்ரா, அதாவது தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம், அவிநாசி சாலையில் இருக்கிறது. பஞ்சாலைகளுக்காகத் தொடங்கிய அந்த நிறுவனம் பிற்காலத்தில் மருத்துவத் துணிகளுக்கென்றே தனி மையமும் ஆய்வுக்கூடமும் அமைத்திருந்தது. மத்திய ஜவுளி அமைச்சகம் இந்தச் சோதனைக்குச் சிட்ராவை நியமித்தது. தொடக்கத்தில் நாடு முழுவதிலுமிருந்து மாதிரிகள் கோயம்புத்தூருக்கே வந்தன. பின்னர் டெல்லியில் டி.ஆர்.டி.ஓ.வின் ஆய்வுக்கூடமும், ஆவடி, கான்பூர் முதலிய இடங்களிலுள்ள பாதுகாப்புத் துறையின் ஆய்வுக்கூடங்களும் சேர்ந்துகொண்டன.

சோதனை இப்படித்தான். இரத்தத்தைப்போல நிறமும் ஒட்டும் தன்மையும் கொண்ட செயற்கை இரத்தம் தயாரிக்கிறார்கள். துணியை ஒரு கருவியில் இறுக்கிப் பிடித்து, ஒரு பக்கத்தில் அந்த இரத்தத்தை நிறுத்தி, அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டுகிறார்கள். ஐ.எஸ்.ஓ. 16603 என்ற முறையில் மூன்றாம் வகுப்பு என்றால் 3.5 கிலோபாஸ்கல் அழுத்தத்திலும் மறுபக்கத்தில் ஒரு துளிகூடத் தெரியக்கூடாது. வெறும் துணியை மட்டும் பார்த்தால் போதாது. தையலையும் பார்க்க வேண்டும். தேறினால் ஒரு தனிச் சான்று எண் கொடுக்கப்பட்டது. எந்தத் துணி, எந்த உடை, எந்த நாளில், எந்த முறையில் சோதிக்கப்பட்டது என்பது அந்த எண்ணோடு சேர்ந்தே பதிவானது. 2020 மே மாதத்தில் நாட்டின் முழு உடை உற்பத்தி நாளொன்றுக்கு நாலரை லட்சத்தை எட்டிவிட்டதாக அரசு அறிவித்தது. இரண்டு மாதத்துக்கு முன்பு ஏறத்தாழ ஒன்றுமில்லாத இடத்திலிருந்து அந்த நிலைக்கு வந்தோம்.

அந்தச் சான்று எண் யாருக்காக இருந்தது? உடையைத் தைத்தவருக்கு அல்ல, விற்றவருக்கும் அல்ல. வார்டுக்குள் போகிற செவிலியருக்காக இருந்தது. கதவுக்கு வெளியே நின்று அவசரமாக உடையை மாட்டிக்கொள்கிற அந்தச் சகோதரியால் துணியைச் சோதிக்க முடியாது. வேறு யாரோ தனக்காகப் பார்த்திருக்கிறார்கள் என்று நம்பித்தான் உள்ளே போகிறார். அந்த நம்பிக்கை மெய்யாக இருந்தாலொழிய அவருடைய உயிருக்குப் பாதுகாப்பில்லை.

மாதிரியும் மூட்டையும்

ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. சோதனைக்குப் போனது ஒரு மாதிரி. மருத்துவமனைக்கு வந்தது நூறு மூட்டை. மாதிரிக்குப் போட்ட அதே துணிதானா மூட்டையிலும்? அதே வெப்பத்தில், அதே வேகத்தில் பட்டை ஒட்டப்பட்டதா? எந்திரத்தின் சூடு குறைந்தபோது, ஒட்டிக்கொண்டிருந்த பெண் எந்திரத்தை நிறுத்தினாரா, அல்லது "இன்றைக்கு ஆயிரம் உருப்படி போக வேண்டும்" என்று சூப்பர்வைசர் சொன்னதால் ஓட்டிக்கொண்டே போனாரா? இந்தக் கேள்விகளுக்கு மாதிரியின் சான்று பதில் சொல்லாது. முறையைக் குறித்த சான்று, அதாவது ஐ.எஸ்.ஓ. 9001, மருத்துவக் கருவிகளுக்கென்றே உள்ள ஐ.எஸ்.ஓ. 13485 ஆகியவை, இந்த இடத்தில்தான் தேவைப்படுகின்றன. முதல் உடையும் ஆயிரமாவது உடையும் ஒன்றுபோல் இருப்பதற்கான ஏற்பாடு அது.

அந்த ஏற்பாட்டையும் ஏமாற்ற முடியுமா? முடியும். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பிரான்ஸ் நாட்டில் பி.ஐ.பி. என்ற நிறுவனம் பெண்களுக்கு அறுவை சிகிச்சையில் பொருத்தும் சிலிகான் மார்பக உறைகளைத் தயாரித்தது. ஐரோப்பாவில் பெயர் பெற்ற ஜெர்மானியத் தணிக்கை நிறுவனம் ஒன்று அதன் தர நிர்வாக முறைக்குச் சான்று கொடுத்திருந்தது. ஆண்டுதோறும் ஆடிட்டும் நடந்தது. ஆடிட்டர் வரும் நாள் முன்கூட்டியே தெரியும். அந்த நாளில் அனுமதி பெற்ற பொருளின் பதிவேடுகளைக் காட்டிவிட்டு, மற்ற நாட்களில் மருத்துவத்துக்கு அனுமதியில்லாத மலிவான தொழிற்சாலைச் சிலிகானை நிரப்பினார்கள். 2010-ல் பிரான்ஸ் அரசின் ஆய்வாளர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். அதற்குள் உலகின் பல நாடுகளில் லட்சக்கணக்கான பெண்களின் உடலில் அது வைக்கப்பட்டுவிட்டது. நிறுவனத்தைத் தொடங்கியவருக்கு 2013-ல் நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

சான்றிதழே வீண் என்று இதைக் கேட்டு முடிவு கட்டிவிடலாகாது. பதிவேடு உண்மையாக இருந்தால்தான் சான்று உண்மை என்பதே இதில் நாம் காண வேண்டியது. ஆடிட்டுக்கு முந்தின இரவில் உட்கார்ந்து மூன்று மாத ரிஜிஸ்டரை ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் நிரப்புகிற பழக்கம் சில இடங்களில் உண்டு என்பதை நீங்களும் அறிவீர்கள். கடையில் விற்கும் ரெடிமேட் மேனுவலை வாங்கி, கம்பெனிப் பெயரை மட்டும் மாற்றி வைத்துக்கொள்வதும் உண்டு. அப்படிப் பெற்ற சான்று சுவருக்கு அலங்காரம். வாங்குகிறவருக்கோ அது இல்லாததைவிட மோசம். சான்றே இல்லாத பொருளை வாங்குகிறவர் கொஞ்சமாவது எச்சரிக்கையாக இருப்பார். பொய்ச் சான்று அந்த எச்சரிக்கையையும் எடுத்துப்போட்டுவிடுகிறது. கள்ளப் படிக்கல்லை வேதம் ஏன் அவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பது இங்கே நமக்கு விளங்குகிறது. தராசு பொய்யானால் சந்தை முழுவதும் பொய்யாகிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. சான்று தன் எல்லைக்குள் இருப்பதைத்தான் சொல்லும். திருப்பூரில் தயாரான பின்னலாடை, வெளிநாட்டுக் கடைகள் கேட்ட தரத்துக்கு இருந்தது. சாயம் போகவில்லை, அளவு தவறவில்லை. ஆனால் சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் கலந்தது. 1992-ல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கென்று கட்டியது, கழிவு நீர்த் தேக்கமாயிற்று. கீழ்ப்பகுதி விவசாயிகளின் கிணறுகளும் நிலமும் கெட்டன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகே கழிவு நீரைத் துளிகூட வெளியே விடாத முறை அங்கே கட்டாயமாக நிலைபெற்றது. துணியின் தரம் துணியைப் பற்றியது. நீரைப் பற்றிக் கேட்க வேறு விதி வேண்டும், ஐ.எஸ்.ஓ. 14001 என்ற சுற்றுச்சூழல் நிர்வாக விதி 1996-ல் வெளிவந்தது அதற்காகத்தான். தொழிலாளரின் வேலை நேரம், கூலி, பாதுகாப்பு பற்றிக் கேட்க எஸ்.ஏ. 8000 போன்றவை உண்டு. எதற்குச் சான்று வாங்கினோமோ அதற்கு மட்டும்தான் அது சாட்சி.

மலிவான பொருளுக்கு மரியாதை

இவ்வளவு எச்சரிக்கையும் சொன்ன பிறகு, சான்று செய்த நன்மையையும் சொல்லாவிட்டால் அது நியாயமாகாது. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த அரோலேப் 1992-ல் தொடங்கப்பட்டது. கண்புரை அறுவையில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அப்போது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஏழை நோயாளிக்கு எட்டாத விலை. அரோலேப் அதை மிகக் குறைந்த விலையில் செய்யத் தொடங்கியது. விலை குறைந்தால் சந்தேகம் கூடும். இது மனித இயல்பு. "இவ்வளவு மலிவாகக் கொடுக்கிறார்களே, நல்லதாக இருக்குமா?" என்ற கேள்விக்கு வாய்ப்பேச்சு பதிலாகாது. ஐ.எஸ்.ஓ. தர முறையும், ஐரோப்பியச் சந்தைக்கு வேண்டிய சி.இ. முத்திரையும் அதற்குப் பதிலாயின. இன்று அந்த லென்ஸ் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது.

பெரிய கம்பெனிக்குப் பெயரே சாட்சி சொல்லிவிடும். கணபதியில் ஒரு ஷெட்டில் வேலை செய்கிறவருக்கு அந்தப் பெயர் இல்லை. அவர் செய்த பாகம் பெரிய கம்பெனியின் பாகத்துக்குச் சமமாக இருக்கலாம். அதை நிரூபிக்க அவருக்கு வேறு வழி ஏது? உண்மையாகப் பெற்ற சான்று சிறியவருக்கே அதிகம் உதவும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

செலவு ஆகுமே என்பீர்கள். ஆகும். அரசு இதை உணர்ந்து, 1994-லேயே ஐ.எஸ்.ஓ. 9000 சான்று பெற்ற சிறுதொழில்களுக்குச் செலவில் 75 சதவீதம், அதிகபட்சம் 75,000 ரூபாய் வரை திருப்பித் தரும் திட்டத்தைத் தொடங்கியது. 2022 ஏப்ரலில் புதிய வடிவில் வந்த இசட்.இ.டி. என்ற சான்றுத் திட்டத்தில் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படிகள் வகுக்கப்பட்டன. சான்றுக் கட்டணத்தில் குறுந்தொழிலுக்கு 80 சதவீதமும், சிறுதொழிலுக்கு 60 சதவீதமும், நடுத்தரத் தொழிலுக்கு 50 சதவீதமும் சலுகை அறிவிக்கப்பட்டது. விவரங்களை மாவட்டத் தொழில் மையத்திலோ உங்கள் தொழில் சங்கத்திலோ விசாரித்துக்கொள்ளலாம். ஆனால் கட்டணம் சிறிய செலவு. பெரிய செலவு, தவறு நடந்தபோது அதை மறைக்காமல் எழுதி வைப்பதற்கு மனதில் ஆகும் செலவு. அதற்கு எந்த அரசும் மானியம் தர முடியாது.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

நன்கொடை கொடுக்கிற அன்பர்களுக்கு இப்போது பதில் சொல்லுகிறோம். நாங்கள் சான்றுள்ள பொருளுக்குக் கூடுதல் விலை கொடுப்பது காகிதத்துக்காக அல்ல. மயக்கத்தில் மேஜைமேல் படுத்திருக்கிற நோயாளி கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க முடியாது. தருமபுரிப் பக்கத்திலிருந்தோ தாளவாடி மலையிலிருந்தோ வந்திருக்கிற தாய், பிரசவ அறையின் கருவி சரியாகக் கிருமி நீக்கப்பட்டதா என்று கேட்க அறியாள். அவர்களுக்காக நாங்கள் கேட்க வேண்டும். உங்கள் காணிக்கையின் ஒரு பகுதி அந்தக் கேள்வியைக் கேட்பதற்குத்தான் செலவாகிறது.

ஆனால் சான்று காட்டினவுடன் நாங்கள் தலையாட்டிவிடுவதுமில்லை. நான்கு கேள்விகள் கேட்கிறோம். நீங்களும் உங்கள் தொழிலில் பொருள் வாங்கும்போது இவற்றைக் கேட்கலாம்.

முதலாவது, இந்தச் சான்றைக் கொடுத்தது யார்? கொடுத்த நிறுவனத்துக்கு அங்கீகாரம் உண்டா?

இரண்டாவது, எதற்குக் கொடுத்தது? சான்றில் எழுதியிருக்கிற தொழிலும், விலாசமும், நமக்கு விற்கிற பொருளும் ஒன்றுதானா? துணி நெய்வதற்குச் சான்று வைத்துக்கொண்டு உடை தைத்து விற்பவரும் உண்டு.

மூன்றாவது, எந்த நாள் வரைக்கும்? காலம் முடிந்த சான்று சுவரில் அப்படியே தொங்கும்.

நான்காவதுதான் முக்கியம். கடைசியாக உங்கள் இடத்தில் நடந்த தவறு எது, அதற்கு என்ன செய்தீர்கள்? "எங்களிடம் தவறே நடப்பதில்லை" என்று ஒருவர் சொன்னால் நாங்கள் யோசிக்கிறோம். ரிஜிஸ்டரைப் புரட்டி, "இன்ன மாதம் இன்ன லாட்டில் இப்படி ஆயிற்று, அந்த மூட்டையை நிறுத்தி வைத்தோம், காரணம் இது, இப்போது இப்படிச் செய்கிறோம்" என்று காட்டுகிறவரிடம் நாங்கள் நிம்மதியாக வாங்குகிறோம்.

மருத்துவமனைகளும் இதே சோதனைக்குத் தங்களை உட்படுத்த வேண்டியவை. அதற்காகவே 2005-ல் இந்தியத் தரக் குழுமத்தின் கீழ் என்.ஏ.பி.எச். வாரியம் ஏற்படுத்தப்பட்டது. சிறிய மருத்துவமனைகளுக்கென்று தொடக்க நிலைச் சான்றும் அதில் உண்டு. மற்றவரிடம் நான்காவது கேள்வியைக் கேட்கிற நாங்கள், எங்களிடம் யாராவது கேட்டால் ரிஜிஸ்டரைத் திறந்து காட்டக் கடமைப்பட்டவர்கள். மருந்து மாறிப்போனால், நோயாளி கட்டிலிலிருந்து விழுந்தால், அறுவைக்குப் பின் புண் சீழ் பிடித்தால், அதை எழுதி வைத்துக் காரணம் தேடுகிற பழக்கம் வார்டில் இருக்க வேண்டும். எழுதிய செவிலியரைத் திட்டினால் அடுத்த முறை யாரும் எழுத மாட்டார்கள். உங்கள் பட்டறையிலும் அப்படித்தான். கசிந்த துண்டைக் கொண்டுவந்து காட்டின பையனைக் கத்தி அனுப்பினீர்களானால், அடுத்த கசிவு வர்ணம் பூசப்பட்டு விவசாயியின் தோட்டத்துக்குப் போய்விடும்.

ஆகையால் அன்பானவர்களே, நாளைக் காலை நீங்கள் பட்டறைக்குப் போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். சான்று இருக்கிறதோ இல்லையோ, ஒரு சாதாரண நோட்டு வாங்கி வையுங்கள். அதில் தேதி, என்ன தவறு, என்ன காரணம், என்ன மாற்றினோம் என்று நான்கு கட்டம் போடுங்கள். முதல் வரியை நீங்களே எழுதுங்கள். ஆறு மாதம் அதை உண்மையாக நடத்திவிட்டீர்களானால், சான்றிதழுக்கு வேண்டியதில் கடினமான பாதி முடிந்துவிட்டது. நீங்கள் செய்த பொருளைச் சோதிக்க வழியில்லாமல், உங்களை நம்பி வாங்குகிற முகம் தெரியாத ஒருவருக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உபகாரம் அதுவே.